தீர்ப்பு வருவதற்குள் சந்தை மாறிவிடுகிறது

கூகுளின் தேடல் முடிவுகள் பாரபட்சமானவை என்று சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி.காம் நிறுவனமும் கட்ஸ் என்னும் நுகர்வோர் அமைப்பும் அளித்த புகார்கள், இந்தியப் போட்டி ஆணையத்தில் 2012-ஆம் ஆண்டின் வழக்குகளாகப் பதிவாயின. ஆணையம் ரூ.135.86 கோடி அபராதம் விதித்தது 2018 பிப்ரவரியில். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் இந்தியரின் இணையப் பயன்பாடு பெரும்பாலும் கணினியிலிருந்து கைப்பேசிக்கு இடம்பெயர்ந்திருந்தது. வழக்கு எழுந்த காலத்துச் சந்தை தீர்ப்பு வந்த காலத்தில் இல்லை.

இது ஒரு வழக்கின் தாமதம் மட்டுமன்று. ஆண்ட்ராய்டு தொடர்பான விசாரணைக்கு ஆணையம் உத்தரவிட்டது 2019-இல்; ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது 2022 அக்டோபரில். 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது. ஆணையத்தின் உத்தரவுகளுள் நான்கை நீக்கியது. தாமதத்தின் வேர் அலுவலர்களின் மெத்தனத்தில் இல்லை, சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் ஆதிக்கத்தைக் குற்றமாகக் கருதுவதில்லை. ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதையே குற்றமாகக் கருதுகிறது. எனவே ஒவ்வொரு வழக்கிலும் முதலில் சந்தையின் எல்லையை வரையறுக்க வேண்டும். அடுத்து அச்சந்தையில் ஆதிக்கத்தை நிறுவ வேண்டும். அதன்பின் தவறான பயன்பாட்டை மெய்ப்பிக்க வேண்டும். மூன்று படிகளிலும் வாதிட இடமுண்டு. சிமெண்ட்டுக்கும் மோட்டார் வாகனத்துக்கும் பொருந்திய இம்முறை, பயனரிடம் காசு வாங்காத சேவைகளிடம் திணறுகிறது. விலையைச் சிறிது உயர்த்தினால் நுகர்வோர் வேறொன்றுக்கு மாறுவரா என்பது சந்தையை வரையறுக்கும் வழக்கமான சோதனை. விலையே சுழியமாக இருக்கும்போது எதை உயர்த்திப் பார்ப்பது?

இந்த இடர்ப்பாட்டைக் கடக்கவே, நாடாளுமன்ற நிதி நிலைக்குழு 2022 டிசம்பரில் மின்னணுச் சந்தைக்கெனத் தனிச் சட்டம் வேண்டுமென்று பரிந்துரைத்தது. அதைத் தொடர்ந்து மத்திய அரசு அமைத்த குழு 2024 மார்ச்சில் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. ஆதிக்கம் என்னும் சொல்லை அடித்தளமாகக் கொள்ளாததே அவ்வரைவின் புதுமை. இந்தியாவில் ரூ.4,000 கோடி விற்றுமுதல் போன்ற நிதி அளவுகோல்களுள் ஒன்றையும், 1 கோடிப் பயனர்கள் அல்லது 10,000 வணிகப் பயனர்கள் என்னும் அளவையும் மூன்றாண்டுகள் எட்டிய நிறுவனம் அமைப்புரீதியில் முக்கியத்துவம் வாய்ந்ததாகப் பெயரிடப்படும். பெயரிட்ட கணமே கடமைகள் தொடங்கிவிடும்: தன் சேவைக்கே முன்னுரிமை தரலாகாது, வணிகப் பயனர்களின் தரவைக்கொண்டு அவர்களோடே போட்டியிடலாகாது. மீறினால் உலகளாவிய விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை அபராதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்னணுச் சந்தைகள் சட்டம் நடந்துவரும் பாதை இது.

எதிர்ப்பு வலுவானது, முழுவதும் தன்னலம் சார்ந்ததும் அன்று. எண்ணிக்கை அளவுகோல் வளர்ந்துவரும் இந்திய நிறுவனங்களையும் வளைத்துக்கொள்ளக்கூடும். அளவைத் தாண்டிய நிறுவனம் தன்னால் சந்தைக்குத் தீங்கில்லை என்று வாதிட்டு அப்பெயரிலிருந்து விடுபட வரைவில் வழியில்லை. ஐரோப்பியச் சட்டம் அவ்வாய்ப்பைக் குறுகலாகவேனும் வைத்திருக்கிறது. இக்குறைகள் திருத்தத்தக்கவை, சட்டமே வேண்டாம் என்பதற்கான காரணங்கள் ஆகா.

ஏனெனில் இங்கே பணயமாவது விலை அன்று, தெரிவு. 2021-இல் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றியபோது பயனர் முன் நின்றவை இரண்டே: ஏற்பது, அல்லது விலகுவது. உறவினரும் அலுவலகமும் கடைக்காரரும் ஒரே செயலியில் இருக்கையில் விலகுவது வெறும் ஏட்டளவிலான உரிமை. அந்நிலையில் அழுத்தப்படும் பொத்தானை இசைவு என்று அழைப்பது சொல்லைப் பொருளிலிருந்து பிரிப்பதாகும். ஆணையம் மெட்டாவுக்கு ரூ.213.14 கோடி அபராதம் விதித்தது 2024 நவம்பரில். கொள்கை நடைமுறைக்கு வந்து மூன்றாண்டுகளுக்கும் மேல் கடந்தபின், கொடுக்கப்பட்ட தரவை யாரும் திரும்பப் பெற்றுவிட முடியாது.

ஆகவே முன்கூட்டியே கடமைகளை விதிக்கும் சட்டம் தேவை. மூன்று திருத்தங்களோடு தேவை. எண்ணிக்கையால் பெயரிடப்படும் நிறுவனத்துக்குக் காலவரையறைக்குட்பட்ட மறுப்புரிமை வேண்டும். தொழில்நுட்பம் அறிந்த ஆய்வாளர்கள் ஆணையத்தில் போதிய அளவில் வேண்டும். ஆளில்லாத ஆணையத்திடம் புதிய அதிகாரத்தைக் கொடுப்பது புதிய தாமதத்தையே உண்டாக்கும். மூன்றாவதே முதன்மையானது: நிறுவனங்களுக்கு விலக்களிக்க மத்திய அரசுக்கு வரைவு வழங்கும் அதிகாரம் சுருக்கப்பட வேண்டும், அளிக்கும் ஒவ்வொரு விலக்குக்கும் காரணம் பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். இல்லையேல், சட்டத்துக்கு உட்பட்ட பெரிய நிறுவனங்கள், அரசின் தயவுக்கு உட்பட்ட பெரிய நிறுவனங்கள் என இரு வகை உருவாகும். ஏகபோகத்தை ஒழுங்குபடுத்த வந்த சட்டமே ஏகபோகத்தைத் தேர்ந்தெடுக்கும் கருவியாகிவிடக் கூடாது.