ஆம்ப் வாங்குறதுக்கு முன்னாடி கால்குலேட்டரை எடுங்க

"அண்ணா, மூவாயிரத்துக்குள்ள நல்ல போர்ட்டபிள் ஆம்ப் ஒண்ணு சொல்லுங்க." செமஸ்டர் தொடங்கி ஒன்றரை மாசம்தான் ஆகுது. அதுக்குள்ள இதே கேள்வியை நாலு ஜூனியர்கள் கேட்டாச்சு. நான் திருப்பிக் கேட்கிறதும் ஒரே கேள்விதான்: "உன்கிட்ட இருக்கிற ஹெட்போன் எது?" நாலு பேர்ல ரெண்டு பேர் சொன்ன பதில், ப்ளூடூத் இயர்பட்ஸ்.

தம்பி, தங்கச்சிகளா, இயர்பட்ஸுக்குள்ளேயே ஒரு குட்டி ஆம்ப் உட்கார்ந்திருக்கு. வெளியிலிருந்து இன்னொண்ணை மாட்ட அதுல வழியே கிடையாது. நீங்க கீழே ரயிலைப் பற்றி எழுதியிருக்கிறதை மட்டும் படிச்சுட்டு, மிச்சமான மூவாயிரத்தை நினைச்சு சந்தோஷப்படுங்க.

ஒயர் வெச்சது வெச்சிருக்கிறவங்களுக்கு என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். உங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஆம்ப் தேவையில்லை. தேவைப்படுறவங்க யாருன்னு எந்த ரிவ்யூ வீடியோவும் சொல்லாது. உங்க ஹெட்போன் பெட்டியில அச்சடிச்சிருக்கிற ரெண்டு எண் சொல்லும். இதைக் கத்துக்க எனக்கு 4,200 ரூபாயும், காதுல மூணு நாள் கூச்சலும் செலவாச்சு.

ரெண்டாம் வருஷ லீவுல ஒரு சின்ன கம்பெனியில இன்டர்ன்ஷிப். ஸ்டைபண்டில் வீட்டுக்குக் கொடுத்தது போக மிஞ்சினதுல பேட்டரியில ஓடுற ஆம்ப் ஒண்ணு வாங்கினேன். போன் ஜாக்கிலிருந்து ஒரு குட்டி கேபிள் ஆம்புக்கு, ஆம்பிலிருந்து என்னோட 1,100 ரூபாய் இன்-இயருக்கு. ரப்பர் பேண்ட் போட்டு போன் முதுகுல கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். "வயலின் தனியா பிரிஞ்சு வருது பாரு, பேஸ் எப்படி இறுகியிருக்கு பாரு"ன்னு ரூம்ல ஒருத்தனை விடலை. 4,200 கொடுத்தவனுக்குப் பிரிஞ்சு கேட்காம இருக்குமா?

இப்போ அந்த ரெண்டு எண்ணுக்கு வருவோம். ஒண்ணு இம்பீடன்ஸ், ஓம் கணக்கு. இன்னொண்ணு சென்சிடிவிட்டி, அதாவது 1 மில்லிவாட் கொடுத்தா எத்தனை டெசிபல் சத்தம் வரும்ங்கிறது. என் இன்-இயர் 25 ஓம், 112 டெசிபல். பவர் என்பது வோல்டேஜின் வர்க்கத்தை ரெசிஸ்டன்ஸால் வகுத்தது. முதல் வருஷத்துல எல்லாரும் படிச்சதுதான். 25 ஓமில் 1 மில்லிவாட் வரணும்னா 0.158 வோல்ட் போதும். அதுக்கே 112 டெசிபல், காது பொறுக்காது. நல்லா சத்தமா, 90 டெசிபலில் கேட்கணும்னா? 22 டெசிபல் குறைச்சா போதும். வோல்டேஜ் கணக்குல அது 12.5 மில்லிவோல்ட். பவர் 0.006 மில்லிவாட்.

சாதாரண போன் ஜாக்கோ டாங்கிளோ அரை வோல்டிலிருந்து ஒரு வோல்ட் வரை கொடுக்கும். எனக்குத் தேவைப்பட்டதைவிட நாற்பது மடங்கு ஏற்கனவே பாக்கெட்டுல இருந்திருக்கு. தெருக்குழாய்ல குடம் நிரப்ப ஃபயர் இன்ஜினைக் கூப்பிட்டிருக்கேன்.

சரி, தேவையில்லாட்டியும் கெடுதல் இல்லையே, இருந்துட்டுப் போகட்டும்னு நினைப்பீங்க. கெடுதல் இருக்கு. சென்சிடிவிட்டி கூடின இன்-இயரை பவர் கூடின ஆம்புல போட்டா, பாட்டு நின்ன இடைவெளியில ‘ஸ்ஸ்’னு ஒரு இரைச்சல் கேட்கும். அடுத்தது வால்யூம் திருகு. விலை குறைஞ்ச ஆம்புகள்ல இருக்கிற பொட்டென்ஷியோமீட்டர், ஆரம்பத்துல கொஞ்சமா திருப்பியிருக்கும்போது இடது வலது ரெண்டையும் சமமா கொடுக்காது. இன்-இயருக்கு நீங்க பயன்படுத்தப் போறதே அந்த ஆரம்பப் பகுதியைத்தான். என் ஆம்புல பாடகர் எப்பவும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நின்னுதான் பாடினார். ரொம்ப நாள் அதை ‘சவுண்ட்ஸ்டேஜ்’னு நம்பிட்டிருந்தேன். மூணாவதா, போன் ஜாக்கிலிருந்து வர்ற சிக்னல்ல ஏற்கனவே இரைச்சல் இருந்தா ஆம்ப் அதையும் சேர்த்துத்தான் பெருக்கும். குழம்புல உப்பு கூடிட்டா, பெரிய கரண்டியில ஊத்தினாலும் உப்புதான்.

அப்போ எனக்கு வித்தியாசம் கேட்டதே, அது பொய்யா? பொய் இல்லை. ஆம்ப் வழியா சத்தம் கொஞ்சம் கூடுதலா இருந்தது, அவ்வளவுதான். ஒரே பாட்டை ஒரு டெசிபல் கூட்டிக் கொடுத்தா நம்ம மூளை ‘சத்தம் கூடியிருக்கு’ன்னு சொல்லாது, ‘நல்லாயிருக்கு’ன்னு சொல்லும். ஷோரூம்காரங்களுக்கு இது தலைமுறை தலைமுறையா தெரிஞ்ச விஷயம். என் ரூம்மேட், இஇஇ பையன், ஒரு நாள் பொறுமை இழந்து மல்டிமீட்டரோட வந்துட்டான். 300 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ணை ஓடவிட்டு, இன்-இயரும் மாட்டியிருக்கும்போதே வோல்டேஜை அளந்து, போன் ஜாக்கையும் ஆம்பையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தான். என் கண்ணைத் துண்டால கட்டிட்டு, காசு சுண்டிப் போட்டு, தலை விழுந்தா ஆம்ப், பூ விழுந்தா போன். ஒரே பாட்டு, அதே இருபது நொடி, பன்னிரண்டு தடவை. நான் சரியா சொன்னது ஏழு. கண்ணைக் கட்டின என்னைவிட அந்தக் காசு ஒண்ணும் மோசமா சொல்லியிருக்காது.

இனி யாருக்குத்தான் ஆம்ப் வேணும்? எங்க குறும்பட டீம்ல எடிட்டிங் பண்றவன் பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ வெச்சிருக்கான், 250 ஓம், 96 டெசிபல். அதே கணக்கைப் போடுங்க. 1 மில்லிவாட்டுக்கே அரை வோல்ட் வேணும். 1 வோல்ட் கொடுத்தா 4 மில்லிவாட், 102 டெசிபல். பெரிய எண் மாதிரி தெரியும். ஆனா அது உச்சத்துக்கான கணக்கு. தவில் அடி மாதிரி திடீர்னு எழும்புற சத்தம், பாட்டோட சராசரியைவிட 15, 20 டெசிபல் மேலே போகும். அந்த உச்சத்துக்கு 110 டெசிபல் வரை இடம் விடணும்னா 25 மில்லிவாட், அதாவது 2.5 வோல்ட் வேணும். அரை வோல்ட் போன் அங்கே திணறும். அவன் வால்யூமைக் கடைசி வரைக்கும் தள்ளி வெச்சுக்கிட்டே புலம்பினது நியாயம்தான்.

ஓம் கூடினாதான் ஆம்ப் வேணும்னும் முடிவு கட்டிடாதீங்க. 25 ஓம், 91 டெசிபல்னு போட்டிருக்கிற பிளானர் ஹெட்போன்கள் இப்போ நம்ம பட்ஜெட்டுக்குப் பக்கத்துலயே வருது. அதுல 110 டெசிபல் உச்சத்துக்கு ஏறக்குறைய 80 மில்லிவாட் வேணும். வோல்டேஜ் 1.4தான், ஆனா கரண்ட் 56 மில்லிஆம்பியர். போனுக்கு மூச்சு வாங்குறது இங்கேதான். அதனால ரெண்டு எண்ணையும் சேர்த்துப் பாருங்க. இன்னொரு எச்சரிக்கை: சில கம்பெனிகள் சென்சிடிவிட்டியை 1 மில்லிவாட்டுக்குச் சொல்லாம 1 வோல்டுக்குச் சொல்வாங்க. 32 ஓம் இயர்போன்ல 120 டெசிபல்னு 1 வோல்டுக்குப் போட்டிருந்தா, அது 1 மில்லிவாட் கணக்குல 105தான். எண் பெருசா தெரியுதேன்னு ஏமாறாதீங்க.

ஆம்ப் பெட்டியிலயும் இதே விளையாட்டு உண்டு. ‘125 மில்லிவாட்’னு கொட்டை எழுத்துல இருக்கும். எத்தனை ஓமில்னு தேடுங்க. 32 ஓமில்னா அது 2 வோல்ட். அதே 2 வோல்ட் 300 ஓம் ஹெட்போன்ல வெறும் 13 மில்லிவாட். ஓம் எவ்வளவுன்னே போடாம மில்லிவாட் மட்டும் போட்டிருந்தா பெட்டியை இருந்த இடத்துலயே வெச்சுட்டு வாங்க. அவுட்புட் இம்பீடன்ஸும் பார்க்கணும். ஹெட்போன் இம்பீடன்ஸ்ல எட்டுல ஒரு பங்குக்குக் கீழே இருந்தா கவலையில்லை.

இப்போ ரயில். நான் தாம்பரம் லைன்ல தினமும் வந்துபோறவன். ஆம்ப் வாங்கினதுக்கு உண்மையான காரணமே அதுதான்: ரயில்ல பாட்டு சரியா கேட்கலை. ஜன்னலெல்லாம் திறந்து, கதவோரம் நின்னுக்கிட்டு, தண்டவாளச் சத்தத்துக்கு மேல பாட்டை ஏத்தினேன். போனா இருந்தா ஒரு கட்டத்துல ‘இதுக்கு மேல காதுக்கு ஆபத்து’ன்னு எச்சரிக்கை காட்டும். ஆம்ப் காட்டாது. அதுக்கு அது தெரியவும் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து படுத்தா, ஃபேனை நிறுத்தின பிறகும் காதுல ஒரு ‘ஞொய்ங்’. சனிக்கிழமையும் இருந்தது. அம்மா கூப்பிட்டது ரெண்டாவது தடவைதான் காதுல விழுந்தது. திங்கள்கிழமை நின்னுது. நடுவுல ரெண்டு ராத்திரி, இது நிக்கவே நிக்காதோன்னு பயந்துக்கிட்டே படுத்திருந்தேன்.

அப்புறம்தான் அந்தக் கணக்கையும் போட்டேன். உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு, வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 89 டெசிபல்னா 5 மணி நேரம். 95னா ஒண்ணேகால் மணி நேரம், அதுவும் வாரம் முழுசுக்கும் சேர்த்து. எனக்கு ரயில்லயே வாரம் 12 மணி நேரம். உள்காதுல சத்தத்தை உணர்ற மயிர்செல்கள் மனுஷங்களுக்கு ஒரு தடவை போனா திரும்ப வளராது. வாரன்டி, சர்வீஸ் சென்டர் எதுவும் கிடையாது.

ரயில் பிரச்சினைக்குத் தீர்வு சில நூறு ரூபாய்தான்: காது ஓட்டைக்குச் சரியா பொருந்துற ஃபோம் டிப்ஸ். வெளிச்சத்தம் உள்ளே வர்றது குறைஞ்சா பாட்டை ஏத்தவே வேண்டாம். பெட்டியோட வர்ற மூணு சைஸ் ரப்பர் டிப்ஸையும் மாத்திப் போட்டுப் பார்த்திருக்கீங்களா? முதல்ல அதைச் செய்யுங்க, அது இலவசம். ப்ளூடூத் இயர்பட்ஸ்காரங்களும் டிப்ஸை மாத்திப் பாருங்க. ஆனா தண்டவாளத்தைக் கடக்கும்போது கழட்டிடுங்க, ப்ளீஸ்.

கணக்குப் போட்டுப் பார்த்து, நிஜமாவே வேணும்னு வந்தவங்களுக்கு: உங்க போன்ல ஜாக் இல்லைன்னா நீங்க தேடுறது தனி ஆம்ப் இல்லை, டாக்கும் ஆம்பும் சேர்ந்த யூஎஸ்பி-சி டாங்கிள். அதுல 1 வோல்டா 2 வோல்டான்னு பாருங்க. 250 ஓம்காரங்க 2 வோல்டுக்குக் கீழே போக வேண்டாம். எல்லாரும் புகழ்ற ஆப்பிள் டாங்கிள் அளவுல சுத்தமானதுதான், ஆனா பல ஆண்ட்ராய்டு போன்கள்ல சத்தம் ரொம்பக் குறைவா வரும். உங்க போன்லயே போட்டுப் பார்க்காம வாங்காதீங்க. டாங்கிளுக்குத் தனி பேட்டரி கிடையாது, உங்க போன் பேட்டரியைத்தான் குடிக்கும்ங்கிறதும் ஞாபகம் இருக்கட்டும்.

சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கு. சூ மோய் 1990களின் கடைசியில வெளியிட்ட எளிய சர்க்யூட், சிமோய்னே பேர் வாங்கினது: ஒரு ஆப்-ஆம்ப், 9 வோல்ட் பேட்டரி, மிட்டாய் டப்பா. 2011ல தன் பேரையே சொல்லாத ஒருத்தர் ஓ2ங்கிற டிசைனை அளவீடுகளோட இலவசமா வெளியிட்டார். ரெண்டு 9 வோல்ட் பேட்டரி. அதுல ஒண்ணு செத்தா ஹெட்போனுக்கு டிசி போகாம வெட்டிவிடுற சர்க்யூட்டும் உண்டு. ரிச்சி தெருவுல பார்ட்ஸ் தேடி அலையறதே ஒரு அனுபவம். லேப்ல கிடைக்கிற 741ஐப் போட்டு ஒப்பேத்தப் பார்க்காதீங்க, 32 ஓமுக்குக் கரண்ட் கொடுக்க அது பிறக்கலை. எதைச் செஞ்சாலும் ஹெட்போனை மாட்டுறதுக்கு முன்னாடி அவுட்புட்டுல டிசி வருதான்னு அளந்துடுங்க.

என் ஆம்பை எடிட்டிங் பையனுக்கு 2,500க்குக் கொடுத்துட்டேன். அவன் 250 ஓம்ல வால்யூம் திருகு பாதிக்கு மேல நிக்குது, அங்கே இடதும் வலதும் சமமா இருக்கு, பாடகரும் நடுவுக்கு வந்துட்டார். மல்டிமீட்டர் இன்னும் எங்க ரூம்லதான் இருக்கு. வேணும்னா வந்து வாங்கிக்கோங்க, திருப்பிக் கொடுக்கும்போது பேட்டரி போட்டுக் கொடுங்க.