இசையும் கணனியும்: அறுந்துபோகும் சுருதி

அறையின் குறைகளைத் திருத்தும் வடிகட்டியைக் கணனியில் அமைப்பது பற்றிச் சென்ற இதழில் பார்த்தோம். அதன்படி செய்துபார்த்த வாசகர் ஒருவர், ஒலி தெளிந்துவிட்டதாகவும், ஆனால் கச்சேரியில் ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது தம்புரா அறுந்து கேட்பதாகவும் எழுதியிருக்கிறார்.

தனித்தனிச் சினிமாப் பாட்டுகளுக்கு இடையில் சிறு மௌனம் வந்தால் குற்றமில்லை. கச்சேரி அப்படியல்ல. ஆலாபனை, கீர்த்தனை, தனி ஆவர்த்தனம் என்று இறுவட்டில் பிரித்திருந்தாலும் சுருதி ஒன்றுதான். மேல்நாட்டு இசையிலும் இது உண்டு. 1808இல் அரங்கேறிய பீத்தோவனின் ஐந்தாவது சிம்பனியில் மூன்றாம் பகுதி நிற்காமலே நான்காம் பகுதிக்குள் நுழைகிறது. அங்கே ஒரு வெட்டு விழுந்தால் கட்டியெழுப்பியதெல்லாம் வீண்.

வெட்டு எப்படி விழுகிறது? இறுவட்டில் ஒலி விநாடிக்கு 44,100 தடவை அளந்து பதியப்படுகிறது. ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி எனப்படும். திருத்த வடிகட்டி ஒவ்வொரு மாதிரியையும் அதற்கு முன் வந்த பல்லாயிரம் மாதிரிகளோடு கலந்தே வெளியே விடுகிறது. 65,536 மாதிரி நீளமான வடிகட்டி என்றால் ஏறக்குறைய ஒன்றரை விநாடி. ஆகவே பாட்டு முடிந்த பின்னும் அதன் வால் ஒன்றரை விநாடிக்கு வந்துகொண்டிருக்கும். அந்த வால் அடுத்த பகுதியின் தொடக்கத்தோடு சேரவேண்டும். இயக்கும் மென்பொருள் பகுதிக்குப் பகுதி வடிகட்டியைப் புதிதாகத் தொடக்கினால் வால் வெட்டுப்படும். அடுத்த பகுதியும் வெறுமையிலிருந்து தொடங்கும்.

எனவே வடிகட்டிக்குப் பாட்டு எங்கே முடிகிறது என்றே தெரியக்கூடாது. புரூட்ஃபிர், கமில்லா டிஎஸ்பி போன்றவை பாட்டு இயக்கிக்கு வெளியே தனியாக ஓடுபவை. வருவதையெல்லாம் ஒரே ஓட்டமாக எடுத்துக்கொள்ளும். இயக்கியில் இடைவெளியின்றி இயக்கும் வசதியைத் தெரிவுசெய்யுங்கள். 44,100 பதிவையும் 48,000 பதிவையும் கலந்து போட்டால் நடுவில் வடிகட்டியை மாற்றவேண்டி வரும். எல்லாவற்றையும் ஒரே வேகத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

கோப்பிலும் குறை இருக்கலாம். எம்.பி.3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட பொதிகளாகக் கட்டுகிறது. அதனால் முன்னும் பின்னும் சிறிது மௌனம் ஒட்டிக்கொள்ளும். லேம் மென்பொருள் அதன் அளவைக் கோப்பிலேயே குறித்துவைக்கும். அதை வாசிக்கத் தெரிந்த இயக்கி மட்டுமே மௌனத்தை நீக்கும். ஃபிளாக் கோப்பில் இந்தத் தொல்லை இல்லை. பழைய கசற்றுகளைக் கணனிக்கு மாற்றுவோர் ஃபிளாக்கிலேயே சேமியுங்கள்.

வடிகட்டிய ஒலியை இறுவட்டில் பதியப்போகிறீர்களா? பகுதிகளைத் தனித்தனியே வடிகட்டவேண்டாம். முழுக் கச்சேரியையும் ஒன்றாக இணைத்து, ஒரே தடவை வடிகட்டி, பிறகு வெட்டுங்கள். வடிகட்டி ஒலியைத் தாமதப்படுத்தினால் வெட்டும் இடங்களையும் அதே அளவு தள்ளவேண்டும். ஒவ்வொரு வெட்டும் 588இன் மடங்கில் விழட்டும். இறுவட்டு விநாடிக்கு 75 துண்டுகளாக, துண்டுக்கு 588 மாதிரிகளாகப் பதிவது. மடங்கு தவறினால் மிச்சத்தை மௌனம் நிரப்பும். தட்டு முழுவதையும் ஒரே மூச்சில் பதியும் முறையையே தெரிவுசெய்யுங்கள். பாட்டுக்குப் பாட்டு பதியும் முறை வழமையாக இரண்டு விநாடி இடைவெளி விடும்.

சரியாகச் செய்தீர்களா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. சுருதிப்பெட்டியை ஒரு நிமிடம் பதிந்து, நடுவில் இரண்டாக வெட்டி, வடிகட்டி வழியே தொடர்ந்து போட்டுக் கேளுங்கள். வெட்டிய இடம் உங்கள் காதுக்கே தெரியாவிட்டால் கச்சேரியைத் தைரியமாகப் போடலாம்.

வடிகட்டியால் ஒலி எல்லை மீறிக் கரகரப்பதைத் தவிர்ப்பது பற்றி அடுத்த இதழில் பார்ப்போம்.