பெல் பாட்டி

பேரலை மோதிக் கப்பல் தலைகீழாகக் கவிழ்கிறது. 1972-இல் வெளிவந்த ‘தி போசைடன் அட்வென்சர்’ படத்தின் நாயகர் என்னவோ பாதிரியாராக வரும் ஜீன் ஹாக்மன்தான். ஆயினும் நெஞ்சில் நிற்பவர் ஷெல்லி விண்டர்ஸ்! பேரனைக் காணக் கணவருடன் இஸ்ரேலுக்குப் பயணப்பட்ட பருத்த பாட்டி, பெல் ரோசன். ஏணிப்படி ஏறவே மூச்சிரைக்கும் அவரைச் சுமையென்றே நாமும் எண்ணிவிடுகிறோம்.

கயிற்றோடு மூழ்கிய பாதிரியார் நீருக்கடியில் சிக்கிக்கொள்கிறார். இளமையில் நீச்சல் வீராங்கனையாயிருந்த பெல் தயங்காமல் பாய்கிறார், மீட்டும் விடுகிறார். மறுபுறம் தலைதூக்கிய அம்முகத்தில்தான் எத்தனை பூரிப்பு! பந்தயத்தில் வென்ற சிறுமியே போல. அடுத்த கணமே மாரடைப்பு. ‘உயிர்’ எனப் பொருள்படும் எபிரேயப் பதக்கத்தைப் பேரனிடம் சேர்க்கச் சொல்லிக் கண்மூடுகிறார். அழுது புலம்பவில்லை; அதுவன்றோ நடிப்பு!

கோல்டன் குளோப் கிடைத்தது. ஆஸ்காரோ பரிந்துரையோடு சரி. ஐலீன் ஹெக்கார்ட் பெற்றார். என்னைக் கேட்டால் பெல் பாட்டிக்கே கொடுத்திருப்பேன்.