பூச்சு வேறு, புதுக்குதல் வேறு

பழம்பொருளைப் புதுக்கும் ஆர்வம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. நாற்காலி, கடிகாரம், மோட்டார் வண்டி எனத் தொடங்கிய அவ்வார்வம் அமெரிக்க நாட்டில் படகுகளையும் விட்டுவைக்கவில்லை. அந்நாட்டின் ஏரிக்கரை ஊர்களிலே, வீட்டையொட்டிய வண்டிக் கொட்டகையில் பழைய நீர்ச்சறுக்குப் படகொன்றை ஏற்றி வைத்து, ஓய்வு நாள்களில் அதனைச் செப்பனிடுவோர் பலர். அவர்தம் உழைப்பைப் பழிப்பது என் கருத்தன்று. ஆயினும், அவ்வுழைப்பின் பெயரால் நடமாடும் பொய் ஒன்றைக் கண்டிக்காமல் விடவும் மனம் ஒப்பவில்லை. மேலே வண்ணம் பூசி, இருக்கைக்குப் புதுத்துணி தைத்து, எஞ்சினைத் துடைத்து மினுக்கி, 'புதுக்கப்பட்ட படகு' என்று பெயர் சூட்டுகிறார்களே, அதுவே அப்பொய்.

எங்கோ மிதக்கும் படகைப் பற்றித் தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் என்ன கவலை என்று வினவலாம். சொல்லின் பொருள் கெடுவது கண்டு முதலில் கவலைகொள்ள வேண்டியவர்கள் நாமல்லமோ? புதுக்குதல் என்பது பழுதுற்றதை அதன் பழைய வலிமைக்கு மீட்டுத் தருதல். பழுதை மறைத்தலுக்கும் அப்பெயரே வழங்குமாயின், உண்மையாய்ப் புதுக்கியவனுக்கு நாம் எந்தப் பெயரைத் தருவது? அன்றியும், இங்குச் சொல்லொன்று கெடுவதோடு தீங்கு நின்றுவிடவில்லை. அச்சொல்லை நம்பிப் படகில் ஏறும் குடும்பத்தின் உயிரும் அதனோடு கட்டுண்டு கிடக்கிறது.

வழக்கிற்குள் புகுமுன் அப்படகின் அமைப்பை அறிந்துகொள்வோம். 1922 ஆம் ஆண்டில் மின்னசோட்டா மாநிலத்தைச் சார்ந்த பெப்பின் ஏரியிலே ரால்ஃப் சாமுவெல்சன் என்னும் இளைஞர், படகின் பின்னே கயிறு பற்றிப் பலகைகளின்மேல் நின்று நீரில் சறுக்கிக் காட்டினார். அவ்விளையாட்டு வளர வளர, அதற்கெனவே தனிப்படகுகள் தோன்றின. ஃபுளோரிடாவில் இருந்த கரெக்ட் கிராஃப்ட் நிறுவனம் 1961 இல் 'ஸ்கீ நாட்டிக்' என்னும் கண்ணாடியிழைப் படகை வெளியிட்டது. 1968 இல் டென்னசி மாநிலத்தில் மாஸ்டர்கிராஃப்ட் நிறுவனம் எழுந்தது. இத்தகைய படகுகளில் எஞ்சின் பின்புறத்தில் தொங்குவதில்லை. படகின் உள்ளே, நடுப்பகுதியில் அமர்ந்திருக்கும். அதனின்று சாய்வாக இறங்கும் உலோகத் தண்டு படகின் அடியைத் துளைத்துச் சென்று உந்துவிசிறியைச் சுழற்றும். எடை நடுவே நிற்பதால் படகு நேர்க்கோட்டில் ஓடும். பின்னெழும் அலையும் தாழ்ந்திருக்கும். விசிறி படகின் அடியில் மறைந்திருப்பதால் பின்னால் நீரில் இருப்பவர்க்கு இடர் குறைவு.

இவ்வளவு பாரத்தையும் விசையையும் தாங்குவது எது? கண்ணாடியிழை ஓடு என்று எண்ணுவோர் ஏமாந்தோரே. அவ்வோட்டின் உட்புறத்தில், முன்னிருந்து பின்வரை நீளவாக்கில் மர உத்தரங்கள் ஓடுகின்றன. ஸ்டிரிங்கர் என்று படகுத் தொழிலாளர் கூறுவது இவற்றையே. பழைய படகுகளில் இம்மரத்தைக் கண்ணாடியிழையால் போர்த்தி, அதன்மேல் தளம் அமைத்து, இடைவெளிகளில் மிதவை நுரையை நிரப்பினர். எஞ்சினைத் தாங்கும் ஆணிகள் இவ்வுத்தரங்களிலேதான் இறங்கியிருக்கும். மனித உடலுக்கு முதுகெலும்பு எத்தகையதோ, அத்தகையன இவை.

கண்ணாடியிழை உளுக்காது என்பது உண்மையே. அதனுள் அடைபட்ட மரமோ உளுத்துப்போகும். தளத்தில் இருக்கையைப் பொருத்திய ஒவ்வோர் ஆணித்துளையும் நீருக்கு ஒரு வாயில். உள்ளே இறங்கிய நீர் நுரையில் தங்கும். வெயிலும் காற்றும் அணுகாத இருளிலே மரம் ஈரத்தை உண்ணும். 20 விழுக்காட்டிற்குக் குறைந்த ஈரமுள்ள மரத்தில் உளுப்புக் காளான் வளராது என்பர்; இருபது முப்பது ஆண்டுகளாக நனைந்தே கிடக்கும் மரத்தின் நிலையை நீங்களே உய்த்துணர்ந்து கொள்ளலாம். போர்வை நிற்கும்; உள்ளிருந்த மரம் கையால் அள்ளத்தக்க கருஞ்சேறாய் மாறியிருக்கும். அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்னும் பழமொழி இதற்கெனவே பிறந்தது போலும்!

நுரையின் கொடுமை மற்றொன்று. படகு மூழ்காதிருத்தற்பொருட்டு நிரப்பியதே படகை அமிழ்த்தும் பாரமாகிறது. ஒரு கன அடி நீரின் எடை ஏறத்தாழ 62 ராத்தல். ஐந்து கன அடி நீரை நுரை உறிஞ்சிக்கொண்டாலே 300 ராத்தலுக்கு மேற்பட்ட சுமை கூடுகிறது. அப்படகு தாழ்ந்து ஓடும், பின்னலை உயரும். எந்தப் பயன் கருதி அப்படகைப் படைத்தார்களோ அந்தப் பயனே கெட்டொழியும். மேலே எத்தனை பூச்சுப் பூசினாலும் இச்சுமையில் ஒரு ராத்தலாவது குறையுமோ?

பூச்சை ஆதரிப்போர் முதலில் எடுத்துரைக்கும் வாதம், "படகுதான் ஓடுகிறதே!" என்பது. ஓடுவதொன்றே நலத்திற்குச் சான்றாகுமா? எஞ்சினின் இணைப்பும் தண்டின் இணைப்பும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கிற்கு மேல் கோணல் இருத்தலாகாது என்பது தொழிலறிந்தோர் கொள்ளும் அளவு. தலைமயிரின் தடிப்பளவே ஆகும் அந்நுண்ணிய நேர்மையை உளுத்த மரம் எங்ஙனம் காக்கும்? ஆணி பிடிப்பின்றிச் சுழலும், எஞ்சின் அசையும், தண்டு அதிரும், தண்டைச் சூழ்ந்து நீரைத் தடுக்கும் அடைப்புத் தேயும். போட்டிகளில் ஆடவர் சறுக்கும்போது படகு மணிக்கு 36 மைல் வேகத்தில் ஓடும். அவ்வேகத்தில் முதுகெலும்பற்ற படகைச் செலுத்துதல் வீரமாகாது. பிறர் உயிரைப் பணயம் வைக்கும் துணிச்சலே ஆகும்.

இவ்வுளுப்பைக் கண்டறிதல் அரிதென்றும் சொல்வதற்கில்லை. சிறு சுத்தியால் உத்தரத்தைத் தட்டினால், நல்ல மரம் கணீரென ஒலிக்கும். உளுத்தது மந்தமாக ஒலிக்கும். எஞ்சினைத் தாங்கும் ஆணியை முறுக்கிப் பார்த்தால், இறுகாமல் வழுக்கிச் சுழல்வது உண்மையைச் சொல்லிவிடும். ஐயம் தீரவில்லையெனின், உத்தரத்தின் அடிப்பகுதியில் சிறு துளையிட்டு வரும் துகளைக் காணலாம். வெளிர்நிறத் துகள் உலர்ந்து வந்தால் மகிழலாம். கரிய நீர் கசிந்தால் தளத்தைப் பெயர்த்தே ஆக வேண்டும். அரைமணி நேரத்தில் முடியும் இச்சோதனையைச் செய்யாமலே வண்ணக் கலத்தைத் திறப்பவன், அறிந்தே கண்ணை மூடிக்கொள்பவன் ஆகிறான்.

இரண்டாவது வாதம் செல்வர் கூறுவது: "உளுத்ததைக் கட்டி அழுவானேன்? எறிந்துவிட்டுப் புதியது வாங்குக." இத்தகைய புதுப்படகுகளின் விலை இன்று ஒரு லட்சம் அமெரிக்க டாலரையும் கடந்து நிற்கிறது. ஓர் ஆசிரியரோ தொழிலாளியோ அதனை எட்டிப் பிடித்தல் எளிதன்று. அன்றியும், எறிவது எங்கே? கண்ணாடியிழையைப் பிணைக்கும் பிசின் ஒருமுறை இறுகியபின் உருகாது. இரும்பைப்போல உருக்கி மறுவடிவம் தர வழியில்லை. ஆகவே பழம்படகுகளுட் பெரும்பாலானவை நிலத்தில் புதைக்கும் குப்பையாய் முடிகின்றன. ஓடு நன்றாயிருக்க, உள்ளிருக்கும் மரம் கெட்டதற்காக முழுப்படகையும் மண்ணுக்கு இரையாக்குவது செல்வத்தின் செருக்கேயன்றி அறிவின் முடிவன்று.

மூன்றாவது வாதம்தான் வலிமையுடையது. "முறையாகச் செய்தால் செலவு படகின் விலையை மிஞ்சிவிடும், ஆகவே இயன்ற மட்டும் மேலோடு மேலாகச் செய்கிறோம்" என்பர். தளத்தைப் பெயர்த்து, நுரையைத் தோண்டி, உத்தரங்களை மாற்றுதல் நூற்றுக்கணக்கான மணி நேர வேலை. மணிக்குக் கூலி கணக்கிடும் பட்டறையில் அது கட்டுப்படியாகாது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், அதுவே வீட்டில் செய்வோர்க்குள்ள தனிச் சிறப்பு என்பதை இவர்கள் மறந்துவிடுகின்றனர். தம் கொட்டகையில் தம் கையால் உழைப்பவர்க்கு எந்த முதலாளி கூலிக்கணக்கு எழுதுகிறார்? காலமே அவருடைய முதல். பட்டறைக்காரர் செய்ய இயலாததைச் செய்யும் வாய்ப்பு அவருக்கு இருக்கிறது. அவ்வாய்ப்பைப் பெற்றும் பட்டறையின் அவசரத்தையே பின்பற்றுவாராயின், வீட்டில் செய்ததன் பெருமைதான் யாது?

முறையாகச் செய்தல் எங்ஙனம்? முதலில் படகின் அடி வடிவத்திற்கேற்ற வலிய தொட்டில் அமைத்து அதன்மேல் அமர்த்த வேண்டும். தளத்தையும் உத்தரத்தையும் நீக்கிய ஓடு நெகிழ்ந்து போகும். அந்நிலையில் அடி வளைந்து இறுகினால் அப்படகு பின்னர் ஒருபோதும் நேராக ஓடாது. எஞ்சினை இறக்கும் முன்னரே அதன் உயரத்தையும் தண்டின் கோணத்தையும் அளந்து குறித்தல் வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பெயர்க்காமல், ஓர் உத்தரத்தை அளவாகக் கொண்டு மற்றொன்றை மாற்றுதல் நன்று. பழைய கண்ணாடியிழையைத் தூய்மையாகத் தேய்த்தாலன்றிப் புதியது ஒட்டாது. தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குப் பகை. தக்க முகக்காப்பு இன்றி அவ்வேலையில் இறங்குதல் அறிவீனம். பழைய ஓட்டின்மேல் ஒட்டுவதற்கு எபாக்சி பிசின், பாலியெஸ்டரைவிட உறுதியாகப் பற்றும். ஆணித்துளை ஒவ்வொன்றையும் பிசினால் நிரப்பி அதன்பின் மீண்டும் துளையிட்டால், நீருக்குத் திறந்திருந்த வாயில் அடைபடும். வண்ணம் இவை யாவற்றிற்கும் பின்னர் வருவது. சுவரை வைத்தன்றோ சித்திரம் எழுத வேண்டும்?

பூச்சுப் பணியினும் கொடியது மலிவுப் பணி. இப்படகுகளின் எஞ்சின் மோட்டார் வண்டி எஞ்சினின் மரபில் வந்ததாகையால், வண்டிக் கடையில் விற்கும் ஸ்டார்ட்டரையும் ஆல்டர்னேட்டரையும் கார்புரேட்டரையும் பொருத்திவிடலாம் என்று துணிவோர் உளர். வடிவம் பொருந்தும், உயிர்க்காப்புப் பொருந்தாது. வண்டியில் கசியும் பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்து போய்விடும். படகிலோ, காற்றினும் கனத்த அவ்வாவி அடிவயிற்றில் இறங்கித் தேங்கி நிற்கும். அங்கே ஒரு தீப்பொறி போதும்! இதுபற்றியே படகிற்கான மின்கருவிகளைப் பொறி வெளியேறாவண்ணம் அமைத்துள்ளனர். 1980 ஆகஸ்ட் முதல் நாளிலிருந்து கட்டப்பட்ட பெட்ரோல் எஞ்சின் படகுகளில் ஆவியை வெளியேற்றும் மின்விசிறி இருத்தல் வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். எஞ்சினை முடுக்குமுன் நான்கு நிமிடம் அவ்விசிறியை ஓட்டுக என்று எச்சரிக்கைப் பலகையும் பொறித்துள்ளனர். சில வெள்ளிகளை மிச்சப்படுத்த அவ்வறிவை உதறித் தள்ளுவோர், தம் மக்களை எதன்மேல் அமரச் செய்கின்றனர் என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்ப்பார்களாக!

இங்கே ஒன்றைத் தெளிவுறுத்துதல் கடமை. வண்ணம் பூசுதல் குற்றமன்று. "பூச்சு மட்டும் பூசினேன், உத்தரத்தைத் தொடவில்லை" என்று விற்கும்போது உரைப்பவர் நேர்மையாளரே. வாங்குவோர் அதனை அறிந்து விலை பேசுவர், சோதித்துப் பார்ப்பர். பூச்சைக் காட்டிப் புதுக்கியதாகச் சொல்லும் வாயைத்தான் நாம் கண்டிக்கிறோம். உண்மையாய்ப் புதுக்கியவர் பெயர்த்த தளத்தையும் தோண்டிய நுரையையும் புதிய மரத்தையும் படிப்படியாய்ப் படம் எடுத்து வைத்திருப்பார். மறைவிலிருக்கும் வேலைக்கு அதுவே சான்று. அச்சான்றைக் கேட்டுப் பெறுதல் வாங்குவோரின் உரிமை; கேட்கும் வழக்கம் பெருகினால் பொய்ச்சரக்கு தானே அங்காடியை விட்டு நீங்கும்.

ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! கைத்தொழிலைக் கல்விக்குக் கீழாக எண்ணும் மனப்பான்மை நம்மிடையே இன்னும் முற்றும் ஒழியவில்லை. உளுத்த உத்தரத்தின் முன் முழந்தாளிட்டு அளவெடுப்பவன் பொறியியலையும் வேதியியலையும் இயற்பியலையும் ஒருங்கே பயில்கிறான். அவற்றினும் மேலாக, எவர் கண்ணுக்கும் படாத இடத்தைச் செம்மையாகச் செய்யும் பண்பைப் பயில்கிறான். தளத்தை மூடியபின் அவனுடைய உழைப்பை உலகம் காணப்போவதில்லை. வண்ணத்தை மட்டுமே பாராட்டப் போகிறது. அதை அறிந்தும் உள்வேலையைக் குறைவறச் செய்பவனுக்கே 'புதுக்கியவன்' என்னும் பெயர் உரியது. தளத்தைப் பெயர்க்கத் துணிவில்லாதார் வண்ணம் பூசிக்கொள்ளட்டும். அப்பெயரை மட்டும் அவனிடமிருந்து பறிக்காதிருக்கட்டும்.