அடிமை டெட்ரிஸும் எங்கள் பிள்ளைகளும்

மனித உடம்பின் காலை மடக்கி, கையை மடக்கி, கப்பலின் அடித்தளத்தில் சந்து விடாமல் அடுக்கு. எத்தனை பேரை ஏற்றுகிறாயோ அத்தனை கெட்டிக்காரன். 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்க டென்மார்க்கில் தயாரித்த பாடம் இது. கோபன்ஹேகனின் சீரியஸ் கேம்ஸ் இன்டராக்டிவ் நிறுவனம் 2013இல் வெளியிட்ட 'பிளேயிங் ஹிஸ்டரி 2: ஸ்லேவ் டிரேட்' என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டில் இப்படி ஒரு பகுதி இருந்தது. மேலேயிருந்து விழுகிற கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் ஆட்டம் தெரியுமில்லையா, அதேதான். கட்டைக்குப் பதில் கறுப்பு மனிதர்கள்.

2015 ஆகஸ்ட் கடைசியில் ஸ்டீம் கடையில் இது தள்ளுபடிக்கு வந்தபோதுதான் பரவலாகக் கண்ணில் பட்டது. காறித் துப்பினார்கள். நிறுவனம் அந்தப் பகுதியை மட்டும் பிய்த்தெடுத்துவிட்டு ஒரு விளக்கம் கொடுத்தது: சிலருக்கு இது உறுத்தலாகப் படுகிறது, அதனால் விளையாட்டின் கல்வி நோக்கம் மறைந்துபோகிறது, ஆகவே நீக்குகிறோம். அந்தச் 'சிலர்' யார் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரில் தேர் ஓடாமல் நின்றாலும் 'சிலர்' பிரச்சினை பண்ணினாங்க என்றுதானே பேச்சு.

கொடுமையை உணர வைக்கத்தான் அப்படிச் செய்தோம், யாரும் சிரிக்கப் போவதில்லை என்று நிறுவனத்தின் தலைவர் வாதாடினார். பரிந்து பேசவும் ஆள் கிடைத்தது. சரி, ஒத்துக்கொள்வோம், நோக்கம் நல்ல நோக்கமாகவே இருக்கட்டும். கடிகாரம் ஓடுகிறபோது பிள்ளை முகத்தைப் பார்க்குமா, காலிச் சந்தைப் பார்க்குமா? அடுக்கத் தெரிந்தால் வெற்றி, தெரியாவிட்டால் தோல்வி. வெள்ளை வியாபாரிக்கு எது திறமையோ அதுவே பிள்ளைக்கும் திறமை என்று அந்தப் பகுதி பழக்கியது. அதிலும் ஆடுகிற பிள்ளைக்குக் கொடுத்த வேசம் என்ன தெரியுமா? கப்பல் தலைவனுக்கு ஊழியம் பார்க்கும் அடிமைச் சிறுவன். நம்ம ஆளை வைத்தே நம்ம ஆளை அமுக்குகிற சூத்திரம் பண்ணைக்காரர்களுக்கு மட்டும் தெரிந்ததில்லை போல.

டென்மார்க் நமக்குத் தூரத்து நாடு இல்லை. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியை வாங்கி, 1845இல் வெள்ளைக்காரக் கம்பெனிக்கு விற்கும் வரை அங்கே உட்கார்ந்திருந்தவர்கள். பக்கத்து நாகப்பட்டினத்தை 1658இல் பிடித்த டச்சுக்காரர்கள், அடுத்து வந்த பஞ்சத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து சனங்களை ஆயிரக்கணக்கில் வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றினார்கள். கஞ்சிக்கில்லாமல் விலைபோனவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று கேட்டால் மட்டும் நம் வரலாற்றாசிரியர்களுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

வேசத்தை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடுமா? அதையும் பார்த்தாகிவிட்டது. அமெரிக்காவில் மெக் என்கிற மின்னசோட்டா நிறுவனம் 1992இல் 'ஃப்ரீடம்' என்று ஒரு விளையாட்டைப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. அதில் பிள்ளைதான் தப்பியோடும் அடிமை. கறுப்பின ஆலோசகரை வைத்தே செய்தார்கள். அப்படியும் 1993இல் திரும்பப் பெற வேண்டியதாயிற்று, பெற்றோர் கொதித்துவிட்டார்கள். வெள்ளைப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் அடிமைப் பேச்சை வாசித்துச் சிரிக்கும்போது, அங்கே உட்கார்ந்திருக்கும் ஒற்றைக் கறுப்புப் பிள்ளை என்ன செய்யும்?

எனக்கு இது படித்துத் தெரிந்ததில்லை. எட்டாம் வகுப்பில் வாத்தியார் தீண்டாமை ஒரு பாவச்செயல் என்று வாசிக்கச் சொன்னார். முழு வகுப்பும் திரும்பி எங்கள் பெஞ்சைப் பார்த்தது. பாவம் செய்தவன் வீட்டுப் பிள்ளையை ஒருத்தரும் பார்க்கவில்லை. பாடப் புத்தகத்தில் இருந்ததென்னவோ நல்ல வரிதான். அது எந்த வகுப்பறையில், யார் மத்தியில் வாசிக்கப்படுகிறது என்பதை எழுதினவர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

2012ஐ மறந்துவிடக் கூடாது. பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் சங்கர் 1949இல் வரைந்த கேலிச்சித்திரம்: நத்தை மேல் அம்பேத்கர், பின்னால் சாட்டையோடு நேரு. திருமாவளவன் நாடாளுமன்றத்தில் எழுப்பினார், படம் நீக்கப்பட்டது. உடனே மேட்டுக்குடி அறிவாளிகள் என்ன சொன்னார்கள்? இவர்களுக்கு நகைச்சுவை உணர்வில்லை, கருத்துச் சுதந்திரம் போச்சு. படத்தின் சூழலைப் பக்கம் பக்கமாக விளக்கினவர்கள், வகுப்பறையின் சூழலுக்கு ஒரு வரி ஒதுக்கவில்லை. அடிமை டெட்ரிஸுக்குப் பரிந்து பேசினவர்களும் இதே குரல்தான். விமர்சனம் என்றால் ஆக்கியவரின் மனசைத் துருவுவது என்றே வைத்திருக்கிறார்கள். படிக்கிற பிள்ளைக்கும் ஒரு மனசு இருக்கிறது, அது யார் வீட்டுப் பிள்ளை என்பது அதில் அடக்கம்.

நம்ம சீமைக்கு வருவோம். விளையாட்டாகவே படிக்கலாம் என்கிற வியாபாரம் இன்று எல்லாப் பள்ளி வாசலிலும் நிற்கிறது. நாளைக்கு ஒருத்தர் செட்டிநாட்டு வரலாற்றை விளையாட்டாக்கினால் எப்படி இருக்கும்? எனக்குக் கண்ணை மூடினாலே தெரிகிறது. பர்மாத் தேக்கு வாங்கு, ஆத்தங்குடிக் கல் பதி, முட்டை வெள்ளைக்கரு கலந்து சுவர் பூசு, ரங்கூனில் வட்டிக்கு விடு. வீடு முடிந்தால் அடுத்த கட்டம். கல் சுமந்தவன், சுண்ணாம்பு அரைத்தவள் எல்லாம் திரையில் ஓடுகிற பொம்மைகள்.

அதே காலத்து வேறொரு பட்டியலும் இருக்கிறது. காரைக்குடி, சிவகங்கையெல்லாம் அடங்கிய அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 ஜூனில் அது பதினொன்றாக வளர்ந்தது. தங்க நகை போடாதே. தண்ணீரை மண்பானையில்தான் எடு. பிள்ளைகள் எழுத்துப் படிக்கக் கூடாது, மிராசுதார் மாட்டை மட்டுந்தான் மேய்க்க வேண்டும். அன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஹட்டன் இதைத் தன் சாதி பற்றிய நூலில் பதிந்து வைத்திருக்கிறார். இந்தப் பதினொன்றும் இல்லாமல் செட்டிநாடு என்று ஒரு விளையாட்டு வந்தால் அது யாருக்குப் பாடம்?

அமெரிக்காவில் 1971இல் தொடங்கிய 'ஓரிகன் டிரெயில்' விளையாட்டு, பூர்வகுடிகளை வழியில் எதிர்ப்படும் ஆபத்தாகவும் உதவியாகவும் மட்டுமே பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. பூர்வகுடி வரலாற்றாசிரியர்களைக் கூப்பிட்டுக் கேட்டுத் திருத்தியது 2021 பதிப்பில். அம்பது வருசம்.

அம்புட்டு நாள் நமக்குப் பொறுமை கிடையாது. இங்கே செய்ய வருகிறவர்கள் ஆத்தங்குடிக்குக் கேமராவோடு போவதற்கு முன்னால் உஞ்சனைக்கு ஒரு நடை போய்வரட்டும். 1979 ஜூனில் கோயில் திருவிழாத் தகராறில் அங்கே கொல்லப்பட்ட ஐந்து தலித்துகளைப் பற்றி அந்தத் தெருச் சனங்களிடம் உட்கார்ந்து கேட்கட்டும். செய்து முடித்ததை முதலில் அந்தத் தெருப் பிள்ளைகள் கையில் கொடுக்கட்டும்.