கடல் கடக்குமுன் சூளையைக் காண்!

தோழனே!

பர்மாவிலிருந்து பிழைப்புத் தேடிப் பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க, தாய்லாந்தின் மே சோட் நகருக்குப் பல நாட்டு இளைஞர் தொண்டர்களாய்ச் செல்கின்றனர். போற்றத்தக்க பணி! உன் உள்ளமும் அங்கே பறக்கின்றதோ? கடல் கடக்குமுன் விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் நோக்கு.

இவ்வட்டாரத்து இருளர் குடும்பங்கள் பல, முன்பணத்துக்குக் கட்டுண்டு செங்கற்சூளைகளுக்குப் பெயர்கின்றன. கோடையெல்லாம் சூளை எரியும். பள்ளித் தேர்வும் அப்போதுதான்! பெற்றோர் பின்னே பிள்ளைகளும் செல்கின்றனர். பதிவேட்டில் பெயர் மட்டும் தங்குகிறது.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமோ, இடம் பெயர்ந்த பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்கிறது. ஏட்டில் உள்ள உரிமை சூளைக்கு எட்டவேண்டாமா?

2021 அக்டோபர் 27இல் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கிற்று. தன்னார்வலர் மாலைதோறும் குடியிருப்புக்கே சென்று கற்பித்தனர். நன்று! ஆனால், இல்லமே இடம் பெயர்ந்தால்?

அங்கும் நீ செல்! தமிழ் எழுத்தை முதலில் கொடு. ஆங்கிலத்தை அடுத்துக் கொடு. அருகிலுள்ள பள்ளியில் சேர்த்துவிடு. ஒரு திங்கள் தங்கித் திரும்புவதன்று, சூளை அணையும்வரை உடன் நிற்பதே தொண்டு!