திறந்தால் வாரண்டி போச்சு!

உங்கள் வீட்டு மிக்ஸி மக்கர் செய்தால் என்ன செய்வீர்கள்? தெருமுனைக் கடையில் கொடுப்பீர்கள். கடைக்காரர் திறந்து, கார்பன் பிரஷ்ஷோ கப்ளரோ மாற்றி, அரை மணியில் கையில் தருவார். ‘யாரைக் கேட்டு இதைத் திறந்தீங்க?’ என்று மிக்ஸி கம்பெனி உங்களைக் கேட்டதுண்டா? லேப்டாப் கம்பெனி கேட்கிறது.

ஏற்காட்டில் எனக்கு ஒரு நண்பர். ‘சென்னையே வேண்டாம் சாமி’ என்று மலையேறிப் போய், காபித் தோட்டத்துக்கு நடுவே சின்ன வீட்டில் இருக்கிறார். கட்டடங்களுக்கு முப்பரிமாணப் படம் வரைந்து தருவது தொழில். அதற்கு சாதா லேப்டாப் தாங்காது. ‘ஒர்க்ஸ்டேஷன்’ என்று ஒரு ரகம் உண்டு. தனி கிராஃபிக்ஸ் சிப், எக்கச்சக்க மெமரி, செங்கல் மாதிரி கனம், அதற்கேற்ற விலை. 2019-ல் இரண்டு லட்சத்துக்கு மேல் கொடுத்து ஒன்று வாங்கினார்.

ஊரே குளுகுளு. லேப்டாப்புக்கு மட்டும் ஜுரம். பெரிய படம் போட்டால் சூடேறும். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பந்தயக் குதிரை வாங்கி ஜட்கா வண்டியில் பூட்டிய கதை. நண்பர் விஷயம் தெரிந்தவர். சிப்புக்குப் போகும் வோல்டேஜைத் துளியூண்டு குறைத்தார். இதில் தில்லுமுல்லு எதுவும் இல்லை. ஒரே அச்சில் பிறந்த சிப்களில் நோஞ்சானுக்கும் போதட்டும் என்று கொஞ்சம் தாராளமாகவே வோல்டேஜ் வைத்து அனுப்புவார்கள். திடகாத்திரமான சிப்புக்கு அவ்வளவு தேவையில்லை. குறைத்தால் சூடு குறையும், வேகம் நிற்கும். பைசா செலவில்லை.

2020-ல் கம்பெனியிலிருந்து ஒரு ‘பயாஸ்’ அப்டேட் வந்தது. நல்ல பிள்ளையாகப் போட்டுக்கொண்டார். மறுநாள் அந்த வசதியைக் காணோம். பூட்டிவிட்டார்கள்.

காரணம் உண்டு. 2019 டிசம்பரில் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் சிலர் ‘பிளண்டர்வோல்ட்’ என்றொரு ஓட்டையை வெளியிட்டார்கள். வோல்டேஜைத் தாறுமாறாகக் குறைத்தால், இன்டெல் சிப்புக்குள் இருக்கும் எஸ்.ஜி.எக்ஸ். என்ற ரகசியப் பெட்டகத்தின் கணக்கு குழம்பும், உள்ளேயிருப்பதைத் திருடலாம். நிஜமான ஓட்டைதான், அடைக்க வேண்டியதுதான். ஆனால், அந்தப் பெட்டகத்தைப் பயன்படுத்தாதவர்கள் எதுவும் செய்ய வேண்டாம் என்று கண்டுபிடித்தவர்களே சொன்னார்கள். நண்பர் பயன்படுத்தவில்லை. ‘பெட்டகம் வேண்டுமா, வோல்டேஜ் வேண்டுமா?’ என்று அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? பல கம்பெனிகள் கேட்கவில்லை. பிற்பாடு இன்டெல்லே தன் லேப்டாப் சிப்களிலிருந்து எஸ்.ஜி.எக்ஸை எடுத்துவிட்டது என்பது இந்தக் காமெடியின் கிளைமாக்ஸ்.

அடுத்து பேட்டரி உப்பியது. சர்வீஸ் ஆள் மலைக்கு வரமாட்டாராம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போனார். சேலத்தில் பார்த்துவிட்டு, சென்னைக்கு அனுப்ப வேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அப்புறம் ஒரு ஸ்டிக்கரைக் காட்டினார்கள். தூசி தட்ட நண்பர் எப்போதோ பின்மூடியைக் கழற்றியபோது அது கிழிந்திருந்தது. “திறந்திருக்கீங்க சார். வாரண்டி போச்சு.”

இரண்டு லட்சம் கொடுத்தவர் குற்றவாளி மாதிரி நின்றார். மூன்று வாரம் தொழில் நின்றால் அவர் வீட்டு அடுப்புக்கு யார் பதில் சொல்வது?

அமெரிக்காவில் 1975-லேயே இதற்குச் சட்டம் இருக்கிறது. அதைக் காட்டி அவர்களுடைய வர்த்தக ஆணையம் 2018 ஏப்ரலில் ஆறு கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. எங்கள் பாகத்தைத்தான் போட வேண்டும், ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி கிடையாது என்றெல்லாம் மிரட்டுவது சட்டப்படி செல்லாது என்றது. நம் ஊரிலும் முன்மாதிரி உண்டு. உதிரி பாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, 2014-ல் நம் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை. காருக்குப் புரிந்த நியாயம் லேப்டாப்புக்கு ஏன் புரியவில்லை? 2022 டிசம்பரில் மத்திய அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’ என்று ஒரு இணையதளம் திறந்தது. சந்தோஷம். இணையதளம் சட்டம் ஆகுமா?

‘மெல்லிசா வேணும்னு நீங்கதானே கேட்டீங்க’ என்பார்கள். 2012-ல் ஆப்பிள், மேக்புக் ப்ரோவில் மெமரியை போர்டோடு சேர்த்துப் பற்றவைத்து, பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியது. மற்றவர்களும் அதே வழியில் போனார்கள். சரி, மெல்லிசாகவும் இருந்து கழற்றவும் முடியாதா? முடியும். 2022-ல் டெல் தன் ஒர்க்ஸ்டேஷனில் தட்டையான, ஸ்குரூ போட்டுக் கழற்றி மாட்டும் மெமரியைக் கொண்டுவந்தது. 2023-ல் அந்த வகை பொதுத் தரமானது. 2024-ல் லெனோவோவின் திங்க்பேட் பி1-ல் அதன் சிக்கன வடிவம் வந்தது. ஆக, வழி இருக்கிறது. மனசுதான் வேண்டும்.

‘ரெண்டு லட்ச ரூபாய் லேப்டாப் வெச்சிருக்கறவன் கவலை எனக்கெதுக்கு?’ என்கிறீர்களா? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போய்ப் பாருங்கள். கம்பெனிகள் சில வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் ஒர்க்ஸ்டேஷன்கள் செகண்ட் ஹேண்டாக வருகின்றன. புதுசு வாங்க வக்கில்லாத இன்ஜினீயரிங் மாணவன் அதில் ஒன்றை வாங்கி, மெமரி கூட்டி, புது பேட்டரி போட்டு ப்ராஜெக்ட் முடிக்கிறான். பற்றவைத்த மெமரியோடு வருகிற மெஷினுக்கு அந்த இரண்டாவது ஜென்மம் அரைகுறைதான். நேராகக் குப்பைக்குப் போகும். குப்பை யார் ஊரில் விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எனவே, அடுத்த முறை லேப்டாப் வாங்கும்போது கலரைப் பார்ப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். மெமரியைக் கழற்ற முடியுமா? பேட்டரி ஸ்குரூவில் நிற்கிறதா, பசையிலா? பழுதுபார்க்கும் கையேடு கிடைக்குமா? பெரிய கம்பெனிகள் சில, ஒர்க்ஸ்டேஷன்களுக்குக் கையேட்டை இலவசமாகவே வெளியிடுகின்றன. அவர்களைப் பாராட்டி, மற்றவர்களைக் கேளுங்கள். நாம் கேட்காதவரை அவர்கள் பூட்டிக்கொண்டேதான் இருப்பார்கள்.

நண்பர் வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் காபிப் பழத்தின் தோல் உரிக்கும் பழைய பல்ப்பர் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு அறுவடைக்கு முன்னாலும் தோட்டத்து ஆள் ஒருவர் ஸ்பேனரோடு உட்கார்ந்து அதை முழுசாகப் பிரித்து மாட்டுகிறார். அவரை யாரும் ஸ்டிக்கர் எங்கே என்று கேட்பதில்லை. அதற்கு வாரண்டியே கிடையாது. அதனால்தான் இன்னும் ஓடுகிறது போலிருக்கிறது.